கண் மூடிய படம்

தூங்குகிற பறவையை எழுப்பாமல், இருக்கிற வெளிச்சத்திலேயே படமெடுப்பது எப்படி? கூந்தன்குளத்தில் ஒரு நாள்.

காலை ஆறே முக்கால். தை மாதப் பனி குளத்தின்மேல் இன்னும் கலையவில்லை. தெருவோரத்து வேப்பமரத்தில் ஒரு சங்குவளை நாரை ஒற்றைக்காலில் நின்று தூங்கிக்கொண்டிருந்தது. கழுத்தைத் தோளுக்குள் இழுத்து, நீண்ட மஞ்சள் அலகை மார்பின்மேல் சாய்த்திருந்தது. வாலுக்கு மேலே இருக்கும் இளஞ்சிவப்பு இறகுகள் மட்டும் காற்றில் லேசாகப் பிரிந்து பிரிந்து சேர்ந்தன. எதிர்வீட்டுச் சுவரில் முதுகைச் சாய்த்து நான் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. கிழக்கே ஓட்டுக்கூரைக்கு மேல் சூரியன் தலை தூக்கினால், ஒரு பக்கமாக வரும் அந்த வெளிச்சம் நேராக நாரையின் தோளில் விழும். இன்னும் ஐந்து நிமிடம்.

அப்போது ஒரு கார் வந்து நின்றது. இறங்கிய இளைஞர் கையில் குழந்தை உயரத்துக்கு ஒரு வெள்ளை லென்ஸ். மரத்தைப் பார்த்தார், கேமராவைத் தூக்கினார், முகம் சுளித்தார். பிறகு கேமராவைத் தொங்கவிட்டு இரண்டு முறை கைதட்டினார்.

நாரை கண்ணைத் திறந்தது. மடக்கியிருந்த காலைக் கிளையில் ஊன்றியது. கேமரா சடசடவென்று ஓடியது. அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. கூர்மையான கண், அதில் ஒரு ஒளிப்புள்ளி, நிமிர்ந்த கழுத்து.

திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த பாட்டி உலக்கையை நிறுத்தினார். “ஏன் தம்பி, பிள்ளத்தாச்சி உறங்குத வீட்டுல கதவத் தட்டுவியளா?”

இளைஞர் சிரித்து மழுப்பிவிட்டுப் போனார். எனக்குத்தான் சுருக்கென்றது. ஏனென்றால் நானும் தட்டியிருக்கிறேன். கேமரா வாங்கிய புதிதில், வேறொரு ஏரிக்கரையில், கருவேலங்கிளையில் பகல் தூக்கத்தில் இருந்த ஒரு வக்காவுக்குக் கீழே தண்ணீரில் கல் எறிந்தேன். அதன் கண் இரத்தச் சிவப்பு. அது தெரிய வேண்டும் என்பதுதான் அன்று எனக்கிருந்த ஒரே எண்ணம். படம் நன்றாகவே வந்தது, பாராட்டும் கிடைத்தது. இன்று அந்தப் படத்தைப் பார்த்தால் தெரிவது பறவையின் அழகு இல்லை, என் கல்.

கண் தெரியாவிட்டால் படமே இல்லை என்பது பறவைப் படக்காரர்கள் நடுவில் எழுதாத சட்டம். கண் கூர்மையாக இருக்க வேண்டும், திறந்திருக்க வேண்டும், கருவிழியில் ஒளிப்புள்ளி வேண்டும். போட்டி நடுவர்களும் பத்திரிகைகளும் இதைத்தான் கேட்கிறார்கள். ஓடுகிற, இரை தேடுகிற பறவைக்கு இது நியாயமான விதி. ஓய்வெடுக்கிற பறவைக்கும் அதே விதியைப் போட்டால் அதை எழுப்பியாக வேண்டும். அதனால்தான் கைதட்டல், உதடு குவித்த ‘உஸ்’, கைப்பேசியில் போடும் பறவைக்குரல், கல். ‘ஓய்வெடுக்கும் நாரை’ என்று தலைப்பிட்டு நாம் ரசிக்கும் படங்களில் பாதியில் பறவை ஓய்வில் இல்லை. நம்மைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அரைத் தூக்கம்

பறவையின் தூக்கம் நம்முடையதைப் போன்றதல்ல. நாம் கண்ணை மூடும்போது மேலிமை இறங்கும். பெரும்பாலான பறவைகளுக்குக் கீழிமை மேலேறி மூடும். லென்ஸ் வழியே பார்த்தால் கண்ணின் மேல்விளிம்பில் ஒரு கோடுதான் மிஞ்சியிருக்கும். சில விநாடிக்கொரு தரம் அது திறந்து மூடும். இன்னொரு விசேஷம், ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணைத் திறந்து வைத்தபடி, மூளையின் ஒரு பாதியை மட்டும் தூங்கவைக்கப் பல பறவைகளால் முடியும். 1999-ல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நீல்ஸ் ராட்டன்போர்க்கும் அவர் குழுவினரும் மல்லார்ட் வாத்துகளை வரிசையாகத் தூங்கவிட்டுப் பார்த்தார்கள். நடுவில் இருந்தவை பெரும்பாலும் இரண்டு கண்ணையும் மூடின. ஓரத்தில் இருந்தவற்றின் ஒற்றைக்கண் தூக்கம் நடுவாத்துகளுடையதைப் போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு இருந்தது. திறந்த கண் பெரும்பாலும் வெளிப்பக்கம், ஆபத்து வரக்கூடிய பக்கம், பார்த்தே இருந்தது.

இதைப் படித்த பிறகு கூட்டத்தைப் பார்க்கும் விதமே எனக்கு மாறிவிட்டது. ஓரத்துப் பறவையின் கண் என் பக்கம் திறந்திருந்தால் அது வெறும் பார்வை இல்லை. தன் தூக்கத்தில் பாதியை எனக்காக அது கொடுத்துக்கொண்டிருக்கிறது. இன்னும் பத்தடி எடுத்துவைத்தால் மீதியையும் கொடுக்கும்.

ஒற்றைக்காலில் நிற்பது நமக்குத் தவம் மாதிரித் தெரிகிறது. உண்மையில் அதுதான் அதற்குச் சௌகரியம். இறகு மூடாத கால் வழியே உடற்சூடு வெளியேறும், ஒன்றை உள்ளே இழுத்துக்கொண்டால் இழப்பு குறையும். 2017-ல் ஜார்ஜியா டெக்கின் யங்-ஹுய் சாங், எமரி பல்கலைக்கழகத்தின் லீனா டிங் இருவரும் பூநாரைகளை ஆராய்ந்தபோது இன்னொன்று தெரிந்தது. செத்துப்போன பூநாரையின் உடலைக்கூட ஒற்றைக்காலில் நிறுத்த முடிந்தது, இரண்டு காலில் நிறுத்த முடியவில்லை. தசை வேலையே இல்லாமல் மூட்டின் அமைப்பிலேயே ஒற்றைக்கால் நிலை நின்றுவிடுகிறது. ஆகவே பூநாரை இரண்டாவது காலை ஊன்றினால், அது வேலைக்கு எழுந்துவிட்டது என்று பொருள்.

படக்காரர் முதலில் படிக்க வேண்டியது இந்த உடல்மொழியைத்தான். கேமராவின் கையேடு அப்புறம். இறகு உப்பியிருந்தால் நிம்மதி. இறகு உடலோடு ஒட்டிப் பறவை திடீரென்று மெலிந்து தெரிந்தால் நீங்கள் கிட்டே போய்விட்டீர்கள். கழுத்து நீண்டால் போதும், நில்லுங்கள். எச்சமிட்டால் அடுத்து சிறகு விரியும். அந்த நேரத்தில் பின்வாங்கினாலும் பெரும்பாலும் பயனில்லை.

இதில் ஒரு வேடிக்கை. தலையில் புல்லுக்கட்டோடு ஓர் அம்மாள் மரத்தடியில் போனாலும், எருமைகளை ஓட்டிக்கொண்டு சிறுவன் போனாலும் கூந்தன்குளத்து நாரை அசையாது. முக்காலியோடு வருகிறவனைக் கண்டதும் கழுத்து நீளும். ஊர்க்காரர்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு குறுக்கே போகிறார்கள். நாம் கண்ணைப் பறவைமேல் வைத்து நேராக நடக்கிறோம். பூனையும் அப்படித்தான் நடக்கும். போதாக்குறைக்கு நம் முகத்தில் ஒரு பெரிய கண்ணாடிக் கண் வேறு. காரை விட்டு இறங்காமல், கதவுக்கண்ணாடியை இறக்கி, அதன்மேல் ஒரு மணல்பையை வைத்து எடுத்தால் பல பறவைகள் கண்டுகொள்வதேயில்லை.

இருக்கிற வெளிச்சம்

தூங்கும் பறவையின் கண் மூடியிருக்கிறது, ஒளிப்புள்ளி கிடையாது. அப்படியானால் படத்தின் பாரம் முழுவதும் இறகின்மேல் விழுகிறது, இறகைக் காட்ட வேண்டியது வெளிச்சம். நம் முதுகுக்குப் பின்னாலிருந்து நேராக விழும் வெயிலில் பறவை தட்டையாகிவிடும், சுவரொட்டி மாதிரி. பக்கவாட்டு வெயிலில்தான் ஒவ்வோர் இறகும் அடுத்ததன்மேல் மெல்லிய நிழல் போடும். உப்பிய மார்பின் மென்மை அந்த நிழல்களில் இருக்கிறது. எதிர்வெயிலில் எடுத்தால் தூவியின் விளிம்பெல்லாம் பொற்கம்பி. சூரியன் தாழ்ந்திருக்கும்போது ஒளி காற்றுமண்டலத்தில் நெடுந்தூரம் வருவதால் நீலம் சிதறிப்போய் மஞ்சளும் சிவப்பும் மிஞ்சுகின்றன. அந்த நிறத்தைக் கணினியில் பின்னால் பூசிக்கொள்ளலாம் என்பார்கள். நிறத்தைப் பூசலாம், நிழலைப் பூச முடியாது.

மேகமூட்டம் வந்தால் பெட்டியை மூடுகிறவர்களை எனக்குப் புரிவதில்லை. வெள்ளைப் பறவைக்கு அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. வானமே ஒரு பெரிய மல்துணி மாதிரி வெயிலை வடிகட்டிவிடுகிறது, கொக்கின் முதுகில் வெளுப்பு அடிப்பதில்லை.

வெள்ளையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கேமராவின் மீட்டருக்கு உலகமே சாம்பல் நிறம். கொக்கு சட்டகத்தை நிறைத்தால், ‘இவ்வளவு வெளிச்சமா?’ என்று பயந்து அது கொக்கை அழுக்காக்கிவிடும். அப்போது எக்ஸ்போஷரைக் கூட்ட வேண்டும். அதே கொக்கு கரும்பச்சைப் பின்னணியில் சிறியதாக நின்றால் மீட்டர் இருட்டைக் கண்டு கூட்டிவிடும், இறகெல்லாம் வெள்ளைக் காகிதமாகிவிடும். அப்போது குறைக்க வேண்டும். ஹிஸ்டோகிராமின் வலது ஓரம் சுவரில் முட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். பறவை தூங்குகிறது, உங்களுக்கு அவசரமில்லை. இரண்டு படம் எடுத்துச் சரிபார்த்து மூன்றாவதை எடுக்கலாம். பறக்கும் பறவைக்காரர்களுக்கு இந்தச் சொகுசு கிடையாது.

ஷட்டரிலும் அதே சொகுசு உண்டு. 500 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்தால் 1/500 விநாடிக்குக் குறையக் கூடாது என்பது பழைய கணக்கு. உறங்கும் பறவைக்கு முக்காலி போட்டு 1/60 வரை தாராளமாக இறங்கலாம். ஐ.எஸ்.ஓ. குறையும், பொரிப்பொரியாகப் புள்ளிகள் வராது, விடியலின் முதல் வெளிச்சமே போதும். காற்றில் கிளை ஆடினால் மட்டும் காத்திருங்கள். ஆட்டம் ஒரு முனைக்குப் போய்த் திரும்பும் இடத்தில் ஒரு கணம் நிற்கும், அங்கே அழுத்துங்கள்.

பத்து மணிக்கு மேல் குளக்கரையில் கானல் எழும். கண்ணுக்குத் தெரியாது, நீண்ட லென்ஸுக்குத் தெரியும். படம் தண்ணீருக்குள் எடுத்தது போலக் குழையும். லென்ஸ் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களை அறிவேன். அவர்களில் நானும் ஒருவன்.

இரண்டு காய்ந்த இலைகள்

இயற்கை வெளிச்சத்துக்கான கடைசிப் பரீட்சை எனக்கு நடந்தது கேரளத்தின் தட்டேக்காட்டில். பெரியாற்றின் கரையில் 1983-ல் உருவான, சலீம் அலியின் பெயரைத் தாங்கிய சரணாலயம் அது. பார்க்கப் போனது இலங்கைத் தவளைவாயன். மேற்குத்தொடர்ச்சி மலையையும் இலங்கையையும் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இரவுப் பறவை. பகல் முழுக்கத் தாழ்வான கிளையில், பெரும்பாலும் ஜோடியாக ஒட்டி உட்கார்ந்து தூங்கும். ஒரே முட்டை இடும், பகலில் அடைகாப்பது ஆண்.

கூட வந்த வழிகாட்டி ஒரு புதரின் முன் நின்று விரலைச் சுட்டினார். மூன்று மீட்டர்தான் இருக்கும். பார்த்தேன், இலை. மறுபடி பார்த்தேன், இன்னும் இலை. “எங்கே சேட்டா?” என்று கிசுகிசுத்தேன். அவர் பதில் சொல்லாமல் என் தோளைப் பிடித்து அரையடி நகர்த்தினார். இரண்டு காய்ந்த இலைகளுக்கு மீசை முளைத்திருந்தது. ஒன்று சாம்பல், ஆண். ஒன்று செம்பழுப்பு, பெண். கண்கள் நூல்போன்ற கீறல்.

அந்தக் காட்டடியில் பகல் பதினொன்றுக்கும் அந்தி நேரத்து வெளிச்சம்தான். ஃப்ளாஷ் போட்டால் ஒரு விநாடியில் முடிந்துவிடும். ஆனால் இருட்டுக்காகவே அமைந்த கண் அது. மேலும் ஃப்ளாஷ் வெளிச்சத்தில் பின்னணி கறுத்து, பறவை இலையிலிருந்து தனியே பிரிந்து நிற்கும். இலையோடு இலையாக இருப்பதுதானே அதன் வாழ்க்கை? அதைப் பிரித்து எடுத்தால் என்னத்தை எடுத்தோம்? முக்காலியைத் தாழ்த்தி, ஐ.எஸ்.ஓ. 1600, ஷட்டர் 1/10 விநாடி, ஓசையில்லாத ஷட்டர், அழுத்துவதற்கு விரலுக்குப் பதில் இரண்டு விநாடி டைமர். முப்பது எடுத்ததில் நான்கு தேறின. வழிகாட்டி ஐந்து விரலைக் காட்டினார். அவர் எனக்குத் தந்திருந்த ஐந்து நிமிடம் முடிந்துவிட்டது, திரும்பிவிட்டோம்.

தவளைவாயனிடம் ஒரு சூழ்ச்சி உண்டு. பயந்தால் பறக்காது. தலையை மெதுவாக, மிக மெதுவாக மேலே தூக்கி, அலகை வானத்துக்கு நீட்டி, ஒடிந்த கொம்பு போல உறைந்துவிடும். இணையத்தில் தேடிப் பாருங்கள், அந்த நிலையில் எடுத்த படங்கள் ஏராளம். கீழே ‘ஓய்வில்’ என்று எழுதியிருக்கும். அது ஓய்வல்ல, திகில். எடுத்தவருக்குத் தெரியாது, பார்க்கிறவருக்கும் தெரியாது. ஒரு பருவம் முழுக்க அதே கிளைக்கு முன்னால் வரிசையாகக் குழுக்கள் வந்து நின்றால் அந்தத் தலை எத்தனை முறை மேலே போய்க் கீழே வரும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கண்ணுக்குக் கண்

மனிதர்கள் பறவைக்குத் தெரியாமல் படமெடுக்கப் பட்ட பாடு ஒரு தனிக் கதை. இங்கிலாந்தின் ரிச்சர்ட், செர்ரி கியர்டன் சகோதரர்கள் 1892-ல் முட்டைகளோடு ஒரு பறவைக்கூட்டைப் படமெடுத்தார்கள். பிறகு உள்ளீடற்ற ஒரு பொய்மாட்டைத் தைத்து, அதன் வயிற்றுக்குள் ஆளும் கேமராவுமாகப் புகுந்து வயலில் நின்றார்கள். ‘மாடு’ கவிழ்ந்து உள்ளிருந்தவர் எழ முடியாமல் கிடந்த படமும் இருக்கிறது.

அதே நாட்டின் எரிக் ஹாஸ்கிங் கதை சிரிப்புக்குரியதல்ல. 1937-ல் ஒரு காட்டு ஆந்தையின் கூட்டருகே இருந்த தன் மறைவிடத்துக்கு இரவில் போனவரின் முகத்தில் ஆந்தை பாய்ந்தது. இடது கண் போயிற்று. அதன் பிறகும் பல பத்தாண்டுகள் பறவைகளைப் படமெடுத்தவர், 1970-ல் வெளிவந்த தன் வரலாற்றுக்கு ‘ஆன் ஐ ஃபார் எ பேர்ட்’ என்று பெயர் வைத்தார். ஒரு பறவைக்காக ஒரு கண். கசப்பில்லாத ஆள்.

நம் ஊரில் மா. கிருஷ்ணன் (1912-1996). ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன். ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950 முதல் இறக்கும்வரை இயற்கையைப் பற்றிப் பத்தி எழுதினார். அவர் படங்கள் கறுப்பு வெள்ளை. பல பாகங்களைத் தானே பொருத்திச் செய்துகொண்ட கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரிட்டிருந்தார். வண்ணமும் வேகமும் இல்லாதவருக்கு மிஞ்சியது வெளிச்சமும் பொறுமையும். இன்று நம் கைப்பையில் இருக்கும் கருவியில் பத்தில் ஒரு பங்கு வசதி அவரிடம் இல்லை. அவர் படங்களில் விலங்கு தன் வேலையில் இருக்கிறது. படக்காரரைத் தேடினாலும் அகப்பட மாட்டார்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வரி. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்பதற்குத் தரும் விளக்கத்தில், காட்டுப்பறவைகளின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அடங்கும். கேமரா வைத்திருப்பவர் வேட்டைக்காரரல்ல என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை.

சட்டத்துக்கு முந்திய கட்டுப்பாடு ஊர்களிடம் இருக்கிறது. கூந்தன்குளம் 1994-ல்தான் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் அதற்கும் பின்னால்தான் சேர்ந்தது. அதற்கெல்லாம் நெடுநாள் முன்பிருந்தே வீட்டுப் புறக்கடை மரங்களில் நாரைகள் கூடு கட்டுகின்றன. வீச்சத்தைப் பொறுத்துக்கொண்டு, கீழே விழுந்த குஞ்சைத் தூக்கிக் காப்பாற்றி, தீபாவளிக்கு வெடி போடாமல் ஊர் இருக்கிறது. எச்சம் ஊறிய குளத்துத் தண்ணீரும் வண்டலும் வயலுக்கு உரம். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிச் சரணாலயத்தையொட்டிய கொள்ளுக்குடிப்பட்டியிலும் வெடிச் சத்தம் கிடையாது. வெடி வேண்டாம் என்று தன் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்த ஊருக்குள் வந்து நாம் கைதட்டுகிறோம்.

அன்று பிற்பகல் குளத்தின் மறுகரைக்குப் போனேன். தூரத்துச் சேற்றுத் திட்டில் வரித்தலை வாத்துகள், ஐம்பது அறுபது இருக்கும். மங்கோலியா, திபெத் பக்கமிருந்து இமயத்தைத் தாண்டி வருகிற இனம். 7,000 மீட்டருக்கு மேல் அவை பறந்தது செயற்கைக்கோள் கருவிகளில் பதிவாகியிருக்கிறது. குளிர்காலத்தில் அவை பெரும்பாலும் இரவில் வயல்களில் மேய்ந்துவிட்டுப் பகலில் நீர்நிலைகளில் ஓய்வெடுக்கும். பார்வையாளர்கள் வரும் நேரமும் அவற்றின் ஓய்வு நேரமும் ஒன்றுதான். கிட்டே போக வழியிருந்தது, மடைக்குப் பின்னால் வரப்போடு தவழ்ந்தால். போகவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, கானல் அடங்கிய ஐந்து மணிக்கு மேல் எடுத்தேன். சட்டகத்தில் முக்கால்வாசி தண்ணீரும் வானமும். நடுவில் ஒரு கோடாக வாத்துகள், அலகெல்லாம் முதுகிறகுக்குள். இடது ஓரத்தில் ஒன்று மட்டும் தலையைப் புதைத்தபடியே ஒரு கண்ணைத் திறந்து வைத்திருந்தது. பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

திரும்பும்போது பாட்டி அதே திண்ணையில். காலையில் எடுத்த நாரையைத் திரையில் காட்டினேன். இளைஞர் போனபின் ஒன்றரை மணி நேரம் கழித்து அது மறுபடி காலை மடக்கி அலகைச் சாய்த்தபோது எடுத்தது. ஓட்டுக்கூரை வெளிச்சம் போய்விட்டிருந்தது. மேகம் வந்து ஈடு செய்திருந்தது. பாட்டி கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“நல்லா உறங்குது. ஆனா கண்ணு தெரியலயே.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “கண்ணு தெரியணும்னா எழுப்பணுமே பாட்டி.”

“எதுக்கு எழுப்ப? அதுவா முழிக்கும்லா, அப்ப எடுங்க.”

இடித்த வெற்றிலையை உள்ளங்கையில் கொட்டி வாயில் போட்டுக்கொண்டார். திண்ணையில் எனக்கு உட்கார இடம் விட்டு நகர்ந்தார்.